இளங்கன்றும் வளர்ச்சி ஊக்கியும்

நட்டு ஓராண்டு ஆகியும் எலுமிச்சைக் கன்று முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை என்றால் கால்கள் தாமாகவே மருந்துக்கடைக்கு நடக்கும். ஹியூமிக் அமிலம், அமினோ அமிலம், நுண்ணூட்டக் கலவை, ஜிப்ரலிக் அமிலம் எல்லாம் அங்கே ‘டானிக்’ என்ற ஒரே பெயரில் ஒரே அலமாரியில் நிற்கின்றன. குழப்பம் அந்தப் பெயரிலிருந்தே தொடங்குகிறது. முதல் மூன்றும் ஏதோ ஒரு வகையில் செடிக்கோ மண்ணுக்கோ பொருள் கொடுப்பவை. நான்காவது எதையும் கொடுப்பதில்லை. இருப்பதை எங்கே செலவழிப்பது என்று செடிக்கு உத்தரவு போடுகிறது. உலையில் அரிசி போடாமல் அடுப்பைத் தூண்டிவிட்டால் தண்ணீர்தான் சுண்டும். எலுமிச்சை, சாத்துக்குடி, கமலா ஆகியவற்றின் இளங்கன்று மெதுவாக வளர்வது பெரும்பாலும் ஒரு சேதி. வேரைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ அந்தக் கன்றின் பிறப்பைப் பற்றியோ அது ஏதோ சொல்கிறது. ஊக்கியை முதலில் தெளித்துவிட்டால் அந்தச் சேதி அழிந்துபோகும். சேதியைப் படித்து முடித்த பிறகு, குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும் ஊக்கியைக் கையில் எடுக்கலாம் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

கடையில் ஜிப்ரலிக் அமிலமாக விற்கும் ஜிப்ரலின் உலகுக்கு அறிமுகமானதே ஒரு நோய் வழியாகத்தான். நெல் நாற்றங்காலில் சில நாற்றுகள் மற்றவற்றைவிட வேகமாக உயர்ந்து, வெளிறி, ஒல்லியாகிச் சாய்ந்துவிடுவதை ஜப்பானிய உழவர்கள் நெடுநாளாக அறிந்திருந்தார்கள். அந்த நோய்க்குக் காரணமான பூஞ்சணம் வளர்ந்த திரவமே, பூஞ்சணம் இல்லாமலும், நாற்றை அப்படி நீட்டிவிடும் என்று 1926ல் தைவானில் பணியாற்றிய குரோசாவா காட்டினார். அந்தப் பொருளுக்கு ஜிப்ரலின் என்று 1935ல் பெயர் வைத்தவர் யபுதா. உயரமும் வலுவும் ஒன்றல்ல என்ற எச்சரிக்கை இந்தப் பிறப்புக் கதையிலேயே இருக்கிறது. ஜிப்ரலின் செல்களை நீட்டுகிறது; கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி கூடுகிறது. ஆக்சின் என்ற இன்னொரு ஊக்கி நுனிக்குருத்தில் உருவாகிக் கீழே இறங்கி, கீழுள்ள மொட்டுகளை உறங்க வைக்கிறது. சைட்டோகைனின் என்ற மூன்றாவது ஊக்கி அந்த உறக்கத்தைக் கலைக்கிறது. வளர்ச்சியை அடக்கும் பொருள்களில் நம் ஊரில் கிடைப்பவை முக்கியமாக இரண்டு: சைக்கோசெல் என்று பலரும் சொல்லும் குளோர்மெக்வாட், மாந்தோப்புகளில் கல்டார் என்ற பெயரில் பழகிப்போன பேக்ளோபியூட்ரசால். இரண்டும் செடி தனக்குத்தானே ஜிப்ரலின் தயாரித்துக்கொள்வதைத் தடுக்கின்றன. தடுக்கும் கட்டம் மட்டும் வேறு.

முதலில் நாற்றங்காலுக்கு வருவோம். வேர்ச்செடியாக வளர்க்கும் ஜம்பேரி அல்லது ரங்பூர் எலுமிச்சை நாற்று, மொட்டு ஒட்டுக் கட்டப் பென்சில் பருமனுக்கு வர வேண்டும். அதற்குப் பல மாதங்கள் ஆகும். அந்தக் காலத்தைக் குறைக்க ஜிப்ரலிக் அமிலம் தெளிப்பது நாற்றுப் பண்ணைகளில் பழைய யோசனை. நாற்று உயர்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒட்டுக் கட்டுபவருக்குத் தேவை உயரம் அல்ல, தண்டின் பருமன். ஜிப்ரலின் கூடுதலாகக் கிடைத்த நாற்று தன்னிடமுள்ள மாவுச்சத்தைத் தண்டை நீட்டுவதில் செலவழிக்கிறது. உரமும் தண்ணீரும் இடைவெளியும் சரியாக இருந்தால் பருமன் பின்னால் வந்து சேரும். நெருக்கமான பாத்தியில் அது வராது. நெருக்கமான பாத்தியைக் கலைத்து நாற்றுகளுக்கு வெளிச்சம் கிடைக்கச் செய்தாலே, ஊக்கி செய்யாத வேலை நடந்துவிடும்.

இதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எலுமிச்சை விதையில் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத்தின் திசுவிலிருந்து நேரடியாக உருவானவை. தாயைப் போலவே வளரும். மகரந்தச் சேர்க்கையால் உண்டான கரு மட்டும் தாயிலிருந்து விலகியிருக்கும். அந்த விலகிய நாற்று பெரும்பாலும் நோஞ்சானாக, இலை வடிவத்தில் வேறுபட்டு, பாத்தியில் பின்தங்கி நிற்கும். பின்தங்கியவற்றைப் பிடுங்கி எறிவதால்தான் புளியங்குடி வட்டாரத்தைப் போல விதைக்கன்று வழக்கமாக உள்ள இடங்களில் தோப்பு ஓரளவு ஒரே சீராக அமைகிறது. விதைப்பில் கோணலாகி ஆணிவேர் வளைந்துபோன நாற்றும் இதே போலத்தான் உயரத்தில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பாத்தி முழுக்க ஜிப்ரலிக் அமிலம் தெளித்தால் எல்லாம் ஒரே மட்டமாக உயர்ந்து நிற்கும். களைய வேண்டியது எது என்று தெரியாமல் போகும். வாங்குபவர் கண்ணுக்கு அழகான பாத்திதான். ஆறேழு ஆண்டு கழித்துக் காய்க்காத மரமாக அந்த அழகு திரும்பி வரும். ஆகவே களையெடுப்பு முடிந்து, தேறிய நாற்றுகளை இரண்டாம் நாற்றங்காலுக்கு மாற்றி, அவை வேர் பிடித்த பிறகே ஊக்கியைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்கு முன் தெளித்த நாற்று என்று தெரிந்தால் வாங்குபவர் விலை பேசாமல் திரும்பிவிடலாம்.

மொட்டு ஒட்டுக் கட்டிய பிறகு கதை வேறு. ஒட்டிய மொட்டு பிடித்தும் துளிர்க்காமல் பல வாரம் உறங்குவது பண்ணையாளர்களின் நிரந்தரத் தலைவலி. காரணம் மேலே நிற்கும் வேர்ச்செடியின் நுனி: அது அனுப்பும் ஆக்சின் மொட்டை எழவிடாது. வேர்ச்செடியை ஒட்டுக்கு மேலே ஒரேயடியாக வெட்டினால் மொட்டு விழிக்கும், ஆனால் அதற்குச் சோறு போட்ட இலைகளும் போய்விடும். இதனால்தான் ஃபுளோரிடா பண்ணைகளில் வேர்ச்செடியை வெட்டாமல் வளைத்துக் கட்டிவிடுவார்கள். நுனியின் அதிகாரம் போகும், இலைகள் இருக்கும். கலிஃபோர்னியாவில் ரிவர்சைடு ஆய்வாளர்கள், உறங்கும் மொட்டில் பென்சைல் அடினைன் என்ற சைட்டோகைனினைத் தடவி அதை எழுப்ப முடியும் என்று 1980களின் தொடக்கத்தில் பதிவு செய்தார்கள். ஊக்கியை நான் தயங்காமல் ஏற்கும் இடம் இது. வேர் நன்றாக இருக்கிறது, மொட்டு உயிரோடு இருக்கிறது, தடை எது என்றும் தெரிகிறது. ஒரு மொட்டில் ஒரு துளி போதும், தோட்டம் முழுக்கத் தெளிக்க வேண்டியதில்லை. ஆனாலும் வளைத்துக் கட்டுவதற்குச் செலவு ஒரு முழம் சணல்தான் என்பதால், சில நூறு கன்றுகள் மட்டும் வைத்திருப்பவர் முதலில் அதைச் செய்துபார்ப்பதே நியாயம்.

ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் போத்துகளை அடக்குவதும் ஊக்கியின் வேலைதான். நாப்தலீன் அசிட்டிக் அமிலத்தின் எஸ்டர் வடிவத்தைத் தண்டில் பூசிப் போத்து வராமல் தடுக்கும் முறை அமெரிக்கத் தோப்புகளில் உண்டு. இங்கே கடையில் கிடைக்கும் அதே அமிலத்தின் நாலரை சதவீதக் கரைசல் பூ, பிஞ்சு உதிர்வைத் தடுக்கத் தயாரானது. அதைத் தண்டில் பூசிப் பரிசோதிக்க வேண்டாம். வாரம் ஒருமுறை விரலால் தேய்த்தால் இளம்போத்து உதிர்ந்துவிடும்.

வயலில் நட்ட கன்றுக்கு வரும்போது வாதம் சிக்கலாகிறது. மெதுவாக வளரும் கன்றுக்கு ஜிப்ரலிக் அமிலம் தெளித்தால் பத்து இருபது நாளில் துளிர் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். பார்த்தவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்வது எளிதல்ல. ஆனால் துளிரை எதைக் கொண்டு கட்டியது கன்று? எலுமிச்சை இனத்தில் தளிரும் வேரும் மாறிமாறி வளர்கின்றன. தளிர் ஓடும்போது வேர் நிதானிக்கும், தளிர் முற்றியபின் வேர் வேகம் பிடிக்கும். மேலே துளிரில்லாமல் கன்று சும்மா நிற்பதாகத் தோன்றும் நாட்களில் கீழே அது குழியை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் துளிரை வலிந்து கிளப்புவது வேரின் முறையைப் பறிப்பது. இன்னொன்று, இளந்துளிர்தான் எலுமிச்சைப் பூச்சிகளுக்கெல்லாம் விருந்து. இலைச்சுரங்கப் புழுவின் அந்துப்பூச்சி இளம் இலையில்தான் முட்டையிடும். அது குடைந்த வழியில் சொறிநோய்ப் பாக்டீரியா எளிதாக நுழையும். பசுமை நோயைப் பரப்பும் சில்லிட் பூச்சி முட்டையிடுவது விரியாத தளிரில் மட்டுமே. கன்று இயல்பாக ஒரே சமயத்தில் துளிர்த்து, முற்றி, ஓய்ந்தால் பூச்சிக்கு இடைவேளையில் இரை கிடைக்காது. கண்டகண்ட நேரத்தில் ஊக்கி தெளித்தால் தோட்டத்தில் எப்போதும் ஏதோ ஒரு கன்றில் துளிர் இருக்கும், பூச்சிக்குப் பந்தி கலையவே கலையாது.

ஆகவே மெதுவான கன்றின் அருகே முதலில் மண்வெட்டியோடு உட்கார வேண்டும். ஒட்டு மண்ணுக்குள் புதைந்திருக்கிறதா, தண்டின் அடியில் பட்டை அழுகிப் பிசின் வடிகிறதா, குழியில் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நாற்றுப் பையின் வடிவத்திலேயே வேர் சுருண்டு நின்றால் அந்தக் கன்று எந்த ஊக்கிக்கும் மசியாது. இலை சிறுத்து, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் துத்தநாகக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இது சாதாரணம். அதற்கு மருந்து அரை சதவீதத் துத்தநாக சல்பேட் தெளிப்பு. சொல்லப்போனால், துத்தநாகம் இல்லாமல் செடி தன் சொந்த ஆக்சினையே சரியாகத் தயாரிக்க முடியாது. வெளியிலிருந்து ஊக்கி வாங்கித் தெளித்த பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது இந்த மலிவான உப்புதான்.

பூவை நிறுத்தி வைப்பது என்ற தேவை இதற்கு நேர் எதிரான திசையில் எழுகிறது. முதிர்ந்த மரத்து மொட்டைக் கட்டிய ஒட்டுக்கன்று நட்ட ஓரிரு ஆண்டிலேயே பூக்கும். அந்தப் பிஞ்சுகள் கிளைக்கும் வேருக்கும் போக வேண்டியதைத் தின்றுவிடும். ஜிப்ரலிக் அமிலம் ஆரஞ்சில் பூமொட்டு உருவாவதைத் தடுக்கும் என்று இஸ்ரேலின் மான்செலிஸும் ஹாலேவியும் 1964லேயே காட்டினார்கள். குளிர்நாட்டுத் தோப்புகளுக்கு அதைக் கொண்டு கணக்குப் போடுவது சுலபம்: அங்கே குளிர் காலத்தில் ஒருமுறை பூமொட்டு தீர்மானமாகிறது, அப்போது தெளித்தால் வேலை முடிந்தது. அதே அட்டவணையை நம் எலுமிச்சைக்குக் கொண்டுவருவதில் பயனில்லை. சவுத்விக்கும் டேவன்போர்ட்டும் 1986ல் தாஹித்தி எலுமிச்சையில் நிறுவியபடி, குளிர் செய்யும் வேலையைத் தண்ணீர்ப் பஞ்சமும் செய்யும். நம் வெப்பநாட்டில் எலுமிச்சை வாடி, பிறகு மழையோ பாசனமோ கிடைத்ததும் பூக்கிறது. ஆண்டில் பலமுறை பூக்கிறது. ஒவ்வொரு வாட்டத்துக்கும் முன்னால் ஊக்கி தெளிப்பதைவிட, முதல் மூன்று ஆண்டும் கன்றை வாடவிடாமல் சொட்டுநீர் கொடுப்பது நேரான வழி. தப்பிப் பூத்ததைக் கையால் கிள்ளிவிட வேண்டியதுதான். ‘எனக்குத் தண்ணீரே இல்லையே’ என்றால் அது நியாயமான மறுப்பு. ஆனால் தண்ணீரில்லாத கன்றுக்குத் துளிரைத் தூண்டும் ஜிப்ரலிக் அமிலம் கொடுப்பது கடனாளிக்குக் கல்யாணச் செலவு வைப்பதுபோல.

காய்ப்பு மரத்துக்கான பரிந்துரைகளை இளங்கன்றுக்கு எடுத்துக்கொள்ளும் பிழையும் இங்கேதான் நடக்கிறது. கோடைக் காய்க்காக ஜூனில் 50 பிபிஎம் ஜிப்ரலிக் அமிலம், செப்டம்பரில் 1000 பிபிஎம் சைக்கோசெல், அக்டோபரில் பொட்டாசியம் நைட்ரேட் என்று தெளிக்கும் முறை மகாராஷ்டிர எலுமிச்சைத் தோப்புகளில் உண்டு. முதல் தெளிப்பு மழைக்காலப் பூவைத் தள்ளிப்போட, இரண்டாவது துளிரை நிறுத்த, மூன்றாவது பூவை அழைக்க. அதன் நோக்கமே பூ. பூக்கவே வேண்டாத கன்றுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

வளர்ச்சியை அடக்கும் பேக்ளோபியூட்ரசாலைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வேரில் ஊற்றினால் கணு குறுகும், இலை சிறுத்துக் கரும்பச்சையாகும், கன்று கட்டையாக நிற்கும். தொட்டியில் வைத்து விற்கும் அலங்கார எலுமிச்சைக்கு அந்தத் தோற்றம் சந்தை மதிப்பு. அங்கே அதைக் குறைகூற ஒன்றுமில்லை, தொட்டி மண்ணோடு விவகாரம் முடிகிறது. வயலில் அப்படி முடியாது. இந்தப் பொருள் மண்ணில் மாதக்கணக்கில், சில மண்ணில் ஓராண்டுக்கு மேலும், தங்கும். சைலம் வழியே மேலேறுமே தவிர இலையில் பட்டது கீழிறங்காது. எனவே அளவு கூடிவிட்டால் இலையைக் கிள்ளியோ தண்ணீர் ஊற்றிக் கழுவியோ மீட்க வழியில்லை. ‘மாவுக்கு வருடா வருடம் ஊற்றுகிறோமே, எலுமிச்சைக்கு ஏன் கூடாது’ என்பார்கள். மாவில் ஊற்றுவது வளர்ந்து முடிந்து, ஓராண்டு விட்டு ஓராண்டு காய்க்கும் மரத்துக்கு, நோக்கம் பூ. இளங்கன்றின் வேலையோ சட்டகம் கட்டுவது, அதை நிறுத்தி வைத்து எதை லாபமாக்குவது? அடர்நடவுக்குக் குட்டை மரம் வேண்டும் என்பது வலுவான மறுப்பு. அதற்கு விடை கத்தரியிலும் வேர்ச்செடியிலும் இருக்கிறது. மூவிலை ஆரஞ்சு வகையான ஃபிளையிங் டிராகனை வேர்ச்செடியாக வைத்தால் மரம் ஆயுளுக்கும் குட்டையாகவே நிற்கும். சுண்ணாம்பு மண்ணை அது தாங்காது என்பதால் எல்லா ஊருக்கும் ஏற்றதல்ல. ஏற்காத ஊரில் இடைவெளியைக் கூட்டி, 5 அல்லது 6 மீட்டருக்கு நடுவதே சரி.

இவ்வளவுக்கும் பிறகு ஊக்கி தேவை என்று முடிவானால், அளவில் தவறு நேராமல் பார்க்க வேண்டும். ஒரு பிபிஎம் என்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். பத்து லிட்டர் டேங்கில் 50 பிபிஎம் வேண்டுமானால் 500 மில்லிகிராம் ஜிப்ரலிக் அமிலம். 90 சதவீதத் தூள் என்றால் சுமார் 0.56 கிராம். தூள் தண்ணீரில் நேரடியாகக் கரையாது, சிறிதளவு ஆல்கஹாலில் கரைத்து ஊற்ற வேண்டும். கடையில் 0.001 சதவீதம் என்று அச்சிட்ட திரவமும் கிடைக்கிறது. அதைத் தண்ணீரே கலக்காமல் தெளித்தாலும் 10 பிபிஎம்தான். லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லி கலந்து ‘50 பிபிஎம் தெளித்தேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்பவர்களின் புதிர் இங்கே அவிழ்கிறது. அதே ஆள் அடுத்த முறை தூளை வாங்கி அதே கைக்கணக்கில் அள்ளினால் விளைவு எதிர்ப்பக்கம் போகும். சைக்கோசெல் 50 சதவீதத் திரவம் என்றால் பத்து லிட்டருக்கு 20 மில்லி 1000 பிபிஎம் தரும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது; காரத்தில் ஜிப்ரலிக் அமிலம் சிதைந்துவிடும். சிட்ரிக் அமிலம் சிறிது சேர்த்து, பிஎச் தாளில் பார்த்து, பிஎச் அளவை ஏழுக்குக் கீழே கொண்டுவந்த பிறகே மருந்தைக் கலக்க வேண்டும். சொறிநோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, அதில் சுண்ணாம்பு இருக்கிறது. மாலையில், இலை ஈரம் மெதுவாகக் காயும்படி தெளிப்பது நல்லது.

2,4-டி பற்றித் தனியாக ஒரு சொல். காய்ப்பு எலுமிச்சையில் பிஞ்சு நிற்க 20 பிபிஎம் அளவில் பரிந்துரைக்கப்படும் அதே பொருள், கூடுதல் அளவில் களைக்கொல்லி. இளந்துளிரில் பட்டால் இலை கிண்ணம்போல் சுருளும். மூன்று வயதுக்குட்பட்ட கன்றுள்ள தோட்டத்துக்குள் அது வரவே வேண்டாம். களைக்கொல்லி தெளித்த டேங்கை எவ்வளவு கழுவினாலும் கன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. கன்றுக்கென்று தனி டேங்க் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊக்கியை வாங்கினாலும் புட்டியின் சிட்டையில் எந்தப் பயிருக்கு என்று பாருங்கள். எலுமிச்சை இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள்.

தெளிக்கும்போது வரிசைக்கு இரண்டு கன்றைத் தெளிக்காமல் விட்டு அடையாளத்துக்கு ஒரு குச்சி நடுங்கள். உயரத்தோடு, தரையிலிருந்து ஒரு சாண் மேலே தண்டின் சுற்றளவையும் நூலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். அடுத்த துளிர் வந்து முற்றும்வரை மீண்டும் புட்டியைத் திறக்க வேண்டாம்.